நீளாத வாலுக்கு ஒரு பாராட்டு விழா

மகனே,

வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை தென்காசியில் உனக்குப் பாராட்டு விழா. மண்டபம் பேசியாயிற்று. ஒலிபெருக்கிக்குச் சொல்லியாயிற்று. சிவகிரியிலிருந்தும் வீரகேரளம்புதூரிலிருந்தும் பேச்சாளர்கள் வருகிறார்கள். வாழ்த்துப்பா எழுதி வைத்துக்கொண்டு நால்வர் காத்திருக்கிறார்கள். நீ ஒருவன் மட்டும் வரமாட்டேன் என்கிறாய். குற்றால மலையில் புதிய செடி ஒன்றை என் மகன் கண்டுபிடித்தான் என்று நான் ஊரறிய முழங்கினேன். அந்தச் செடி புதியதே அன்று என்று, வேறெவரும் எழுதும் முன்னர், என் வயிற்றில் பிறந்த நீயே ஆய்விதழுக்கு எழுதி அனுப்பிவிட்டாய். எழுதியது எழுதியதாகட்டும், வந்து நின்று மாலையையாவது வாங்கிக்கொள் என்றால் அதற்கும் மறுப்பு. கூட்டத்தில் குரல் எழுப்பியவரை ஒற்றைச் சொல்லால் அமர வைத்தவள் நான். உன்னை மட்டும் என்ன சொல்லி எழ வைப்பது என்று தெரியாமல் மூன்று நாளாய்த் தாளும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

இதைத் தனி மடலாக எழுதாமல், விழா எடுக்கும் மன்றத்தின் மலரில் எல்லாரும் படிக்கும்படி அச்சிடக் கொடுக்கிறேன்; ஒரு படி உனக்கு முன்கூட்டியே வரும். ஒலிபெருக்கியில் சொன்னதை அடுப்பங்கரையில் திருத்த முடியாது. உன்னைச் சந்தி சிரிக்க வைக்கிறேன் என்று சினக்காதே. சிரிப்பவர்கள் என்னைப் பார்த்தே முதலில் சிரிப்பார்கள்.

நீ வகைப்படுத்தும் தொழிலுக்குப் போவாய் என்று எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீரகேரளம்புதூரில் என் தமையன் மகள் திருமணம் நினைவிருக்கிறதா? நீ அப்போது கல்லூரியில் தாவரவியல் இரண்டாம் ஆண்டு. பந்தியில் உன் மாமனுக்குப் பக்கத்தில் அமர்ந்து, உண்ணாமல் இலையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

“என்னல மருமவனே, இலையில என்னத்தத் தேடுத? உப்பு கொறச்சலா?” என்றார் மாமன்.

“இல்ல மாமா. கத்தரிக்கா, தக்காளி, உருளக்கெழங்கு, மொளகா. இந்த இலையில பாதி ஒரே குடும்பம்.”

“அப்படியா? நல்ல குடும்பமால?”

“உங்க மடியில இருக்க பொயிலையும் அதே குடும்பந்தான். ஊமத்தையும்.”

“ஊமத்தையா!” மாமன் போட்ட கூச்சலில் மேளக்காரர் நிறுத்திவிட்டார். எதிர்வரிசையில் இருந்த மாப்பிள்ளை வீட்டு முதியவர் கத்தரிக்காய்க் கூட்டைச் சுண்டு விரலால் இலையோரம் தள்ளினார். வாளியோடு வந்த பையனிடம், “வேண்டாம்யா, அது ஊமத்தைக்குச் சொந்தக்காரனாம்” என்று கையை மறித்தார். அந்த ஒரு சொல் பந்தி முழுவதும் பரவிற்று. கூட்டு மீந்துபோயிற்று. சம்பந்தி வீட்டார் எங்கள் சமையலைக் குறை சொன்னார்கள் என்று என் தமையன் மனைவி இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

திரும்பும் பேருந்தில் உன்னை வெளுத்து வாங்கினேன். நீயோ சன்னலோரம் அமர்ந்து அமைதியாக விளக்கினாய். கத்தரிப் பூவையும் ஊமத்தைப் பூவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐந்து இதழும் அடியில் ஒட்டியிருப்பது தெரியுமாம். “காயி ஏமாத்தும்மா. இலையும் ஏமாத்தும். நாம திங்கமா, அது கொல்லுதான்னு பாத்தா அது நம்ம கணக்கு, செடியோட கணக்கு இல்ல. பூ அவ்வளவு சீக்கிரம் ஏமாத்தாது” என்றாய். நன்றாகத்தான் சொன்னாய். அதைப் பந்தியில் சொல்லியிருந்தால் கூட்டு மீந்திருக்காது. முடிவை முதலில் போட்டு உடைப்பாய், விளக்கத்தைப் பேருந்தில் வைத்துத் தாய்க்கு மட்டும் சொல்வாய். அன்றும் அப்படி, இன்றும் அப்படி.

நாம் இருவரும் ஒத்துப்போன நாளும் ஒன்று உண்டு. வெளியே வைரம் பாய்ந்த தென்னையையும் மூங்கிலையும் புல் என்றும், உள்ளே வைரம் பாய்ந்த மாவையும் தேக்கையும் மரம் என்றும் நம் முன்னோர் வகுத்தார்கள் என்று நான் சொன்னபோது, நீ துள்ளி எழுந்தாய். தென்னை, பனை, மூங்கில், நெல், அறுகு எல்லாம் ஒற்றை வித்திலைப் பக்கம்; மாவும் தேக்கும் இரட்டை வித்திலைப் பக்கம். உங்கள் தாவரவியல் வகைப்பாடும் அதையே சொல்கிறது என்றாய். அந்தச் செய்தியைச் சிவகிரி மேடையில் நான் இடி முழக்கமாய் முழங்கியபோது அவை எழுந்து நின்று கைதட்டியது. என் மகன் சொன்னான் என்று சொல்லிக்கொண்டேன். உன் தொழில் எனக்குப் பிடித்துப்போனது அன்றுதான்.

அந்தப் பிடிப்பும் நெடுநாள் நிலைக்கவில்லை. நம் வீட்டு முற்றத்துக் காசித்தும்பையை, கனியைத் தொட்டவுடன் வெடித்து விதை தெறிக்குமே அந்தச் செடியை, தொட்டியில் வளர்க்கும் செரேனியப் பூச்செடியின் பக்கத்து உறவு என்று படித்து வந்து எனக்கும் படிப்பித்தாய். நானும் மனத்தில் ஏற்றிக்கொண்டேன். சில ஆண்டு கழித்து வந்து, அது தேயிலைக்கும் மகிழத்துக்கும் இலுப்பைக்கும் உறவு என்றாய். மரபணுவைப் படித்துப் பார்த்தார்களாம். எனக்கு வந்த சினத்தை என்ன சொல்ல! பெயரைப் பார்த்துத் தும்பைக்கு உறவு என்று நினைத்தேன், இல்லை, தும்பை துளசிக் குடும்பம் என்றாய். உன்னை நம்பிச் செரேனியத்தோடு வைத்தேன், அங்கிருந்தும் கிளப்பினாய். குடியிருக்கும் வீட்டை இத்தனை முறை மாற்றினால் செடிக்கே தன் முகவரி மறந்துபோகும் என்று கத்தினேன். நீ சிரித்துக்கொண்டே, “சொந்தம் மாறலம்மா. அது எப்பவும் அங்கனதான் இருந்துச்சு. நமக்கு இப்பத்தான் தெரியுது” என்றாய்.

நான் பட்டிமன்ற நடுவர். நாற்பது ஆண்டுகளாய் உலகை இரண்டாகப் பிரித்து, பக்கத்துக்கு மூவரை அமர்த்தி, இறுதியில் ஒரு பக்கத்துக்குத் தீர்ப்பு வழங்குவது என் வேலை. பிரிக்க முடியாத பொருளுக்குத் தலைப்பே கிடையாது. நீயோ இரண்டு என்று கொடுத்தால் ஒன்று என்கிறாய், ஒன்று என்று கொடுத்தால் ஏழு என்கிறாய். விழா மாலையில் தொடுத்த செவ்வந்தியைக்கூட, இது பூ அன்று, நூறு சிறுபூக்கள் கூடிய கூட்டம் என்று மாலை போட வந்தவரிடமே சொன்னவன் அல்லவா நீ! அவர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, போடுவதா வேண்டாமா என்று விழித்தார்.

இப்போது இந்தச் செடிக்கு வருகிறேன். ஊரார் முழுக்கதையும் அறியட்டும்.

சென்ற ஆண்டுச் சாரல் பருவத்தில் விடுப்பில் வந்திருந்தாய். பழைய குற்றாலம் போகும் வழியில் நீர் கசியும் பாறையொன்றில் ஏறி, மாலையில் முழங்கால்வரை சேறோடு திரும்பினாய். நான் கட்டித் தந்த எலுமிச்சைச் சோற்றைக் குரங்குகளுக்குக் கொட்டிவிட்டு, அந்தச் சோற்றுப் பெட்டிக்குள் ஈரப் பாசியோடு ஒரு செடியைக் கொண்டுவந்தாய். விரல் நீளத் தண்டு, அடியில் வட்ட இலை, நுனியில் இளஞ்சிவப்புப் பூ, பூவின் பின்னால் தேன் நிறைந்த மெல்லிய வால். காசித்தும்பையின் காட்டு உறவு என்றாய். நாளிதழ்த் தாள்களுக்கு இடையில் அதை விரித்து வைத்தாய். மேலே பாரம் வேண்டும் என்று என் மேசையிலிருந்த பெரிய தமிழகராதியைத் தூக்கி வைத்தாய். என் மொழியின் எடை முழுவதும் அந்தச் சின்னஞ்சிறு செடியின்மேல் அன்றிரவு இருந்தது. அதை எண்ணி எண்ணி நான் பூரித்துப்போனேன்.

“புதுசா இருக்கும் போலம்மா. இந்தப் பக்கத்துல வாலு இவ்வளவு நீளமா யாரும் எழுதல. ஆனா இன்னும் நெறைய பாக்கணும். யார்ட்டயும் சொல்லாத” என்றாய். புதியது என்றால் உலர்த்திய ஒரு செடி அந்தப் பெயருக்கு என்றென்றும் அளவுகோலாக உங்கள் ஆய்வு நிலையத்தில் இருக்கும் என்றும், பெயரில் குற்றாலம் வரும்படி வைப்பேன் என்றும் சொன்னாய். இலத்தீன் இறுதி ஒட்டிய குற்றாலமா என்று சற்றே முகம் சுளித்தேன். ஆனாலும் உலகம் உள்ளவரை ஒரு செடியின் பெயரில் நம் ஊர் இருக்கும் என்றால் யாருக்குத்தான் நெஞ்சு விம்மாது? யாரிடமும் சொல்லாதே என்றாய். தனியாள் எவரிடமும் நான் சொல்லவில்லை. இலஞ்சிக் கோவில் திருவிழாப் பட்டிமன்றத்தில், தீர்ப்புரையின் நடுவில், ஆயிரம்பேர் முன்னால் சொன்னேன்.

அந்தக் கைதட்டலை நீ கேட்கவில்லை. மழை பெய்யும் பந்தலில் மழையை மீறிக் கேட்ட கைதட்டல் அது. ஊர் உன்னைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டது. மன்றச் செயலாளர் மைதீன் அண்ணாச்சி, தம் துணிக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் உன் படத்தை ஒட்டிவைத்தார். துபாயிலிருக்கும் அவர் பிள்ளைகள் அங்கே தங்கள் அறை நண்பர்களுக்கெல்லாம் அதைக் காட்டினார்களாம். இந்தச் சாரலுக்குள் விழா எடுத்தே தீருவது என்று முடிவாயிற்று. விளம்பரத் தட்டி அச்சிடும் கடை நம்முடையது. உன் தந்தையார் பதினைந்தடி அகலத்துக்குச் செடியின் படம் போட்டு, மேலே என் கையால் எழுதித் தந்த தலைப்பைப் பொறித்து, கடைமுன் தொங்கவும் விட்டுவிட்டார்.

அப்போதுதான், சென்ற வாரம், நீ தொலைபேசியில் அழைத்தாய்.

“அம்மா, அது புதுசு இல்ல.”

“எது?”

“நம்ம செடி. கணவாய் தாண்டி ஆரியங்காவு பக்கம் ஒண்ணு உண்டுல்லா, வெள்ளப் பூவு, குட்ட வாலு. எப்பவோ பேரு வச்சது. ரெண்டும் ஒண்ணுதான்.”

“நீளம்னு சொன்னியே! செவப்புன்னு சொன்னியே!”

“நீளந்தான். ஆனா கணவாய்க்கு இந்தப் பக்கம் புளியரைக்குப் போனா நடுத்தரமா இருக்கு. அங்கன இருந்து கொஞ்சம் மேற்க போனா இன்னும் கொஞ்சம் கொறையுது. நெறமும் அப்படித்தான் வெளுத்துக்கிட்டே போகுது. எங்கன கோடு போடச் சொல்லுத?”

“கணவாயில போடேன்லே!”

“செடி கணவாயைப் பாக்கலம்மா.”

பெயர் என்னாகும் என்று கேட்டேன். முன்னால் வைத்த பெயர்தான் நிற்கும், அதுதான் விதி என்றாய். குற்றாலத்துப் பாறையில், குற்றாலத்துச் சாரலில், என் கண்முன்னால் வளரும் செடிக்கு, மலைக்கு அந்தப் பக்கம் நின்று எவரோ ஒரு வெள்ளையர் வைத்த பெயர்! என் செந்தமிழ் எங்கே போயிற்றோ தெரியவில்லை. “ஏலே, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? தட்டி தொங்குதுலே கடையில!” என்று அலறினேன். கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் திரும்பிப் போய்விட்டார் என்று உன் தந்தையார் பிறகு சொன்னார்.

அடங்கிய பிறகு உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து நில். எதுவும் பேசாதே. மாலையை வாங்கிக்கொள். பிறகு பார்த்துக்கொள்ளலாம். “பொய்யா வந்து நிக்கச் சொல்லுதியாம்மா?” என்றாய். நிற்பதில் என்னடா பொய் என்றேன். “வரல” என்றாய். ஓரசைச் சொல்லைப்போல் முடித்துவிட்டாய். என் மகனிடமிருந்து எனக்கு அத்தனை குறுகிய விடை அதற்கு முன் கிடைத்ததில்லை.

அன்று மாலையே மைதீன் அண்ணாச்சி கடைக்கு வந்தார். செய்தியைக் கேட்டுத் தேநீரைக் கீழே வைத்தார். பிறகு மறுபடியும் எடுத்துக் குடித்தார். “தங்கச்சி, வெசனப்படாதிய. தென்காசியில யாரு பாறையேறிப் போயி பூவோட வாலை அளக்கப் போறா? விழா முடியட்டும். அவன் எழுதுனது இங்கிலீசு புத்தகத்துல எங்கனயாவது ஒரு மூலையில வரும். நம்ம ஆளு எவன் படிக்கான்?” என்றார். நல்ல மனிதர். என்மேல் உள்ள அன்பால் சொன்னார். ஒளிக்காமல் எழுதுகிறேன், அந்த யோசனை எனக்கு இனித்தது. ஆனால் இனித்த கையோடு ஒரு வேகமும் வந்தது. என் மகன் தவறாகப் பார்த்திருந்தால்? ஆய்வாளன் என்றால் தவறே செய்யமாட்டானா? இரண்டு செடியை ஒன்றென்று குழப்பியிருந்தால்? நானே போய்ப் பார்த்து, வேறுபாட்டைக் கண்டு, உன் முகத்தில் எறிந்து, உன்னை இழுத்துவந்து மேடையில் நிறுத்துவது என்று முடிவெடுத்தேன்.

மறுநாள் விடிந்ததும் உன் தந்தையாரின் வண்டியில் கிளம்பினோம். தட்டிக்கு முன்னால் அச்சிட்டுப் பார்த்த சிறு மாதிரிப்படம் ஒன்று கடையில் கிடந்தது, ஒரு துண்டு அகலத்துக்கு. அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். சாரல் முகத்தில் அடித்தது. தலையில் எண்ணெய் வழிய அருவிக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர், நான் பாறையடியில் படத்தை விரிப்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

“ஏம்மா, இங்கன தட்டி கட்டக்கூடாது. ஃபாரஸ்ட்காரன் வந்துருவான். என்ன கட்சி?”

“கட்சி இல்லை ஐயா. செடி.”

“செடிச் சின்னமா? எந்தத் தொகுதியில நிக்கிய?” என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் போய்விட்டார்.

பாறை முழுவதும் பூ. சிவப்பும் வெளிர்சிவப்புமாய், சாரலில் தலையாட்டிக்கொண்டு. படத்தைப் பூவின் பக்கத்தில் பிடித்தேன். படத்துப் பூவுக்கு எத்தனை பெரிய வால்! பாறைப் பூவுக்கு, பூவின் அளவோடு ஒப்பிட்டாலும், அதில் பாதியும் இல்லை. அடுத்த பூ, அதற்கும் இல்லை. எனக்குள் பறை முழங்கிற்று. பார்த்தீர்களா, இவையெல்லாம் அந்த ஆரியங்காவுச் செடி, இங்கே வந்து கலந்திருக்கிறது, நம் பிள்ளை கண்ட நெடுவால் செடி இதே பாறையில் வேறு எங்கோ தனியே இருக்கிறது, இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டான், என்று உன் தந்தையாரிடம் தீர்ப்பையே வழங்கிவிட்டேன். அந்த நெடுவாலைத் தேடி ஏறினேன். இந்த அகவையில், இந்த மூட்டுவலியில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாசியில் வழுக்கி, ஒரு பொந்துக்குள் தலையை விட்டு, அடுத்த பொந்துக்குள் கையை விட்டுத் தேடினேன். உன் தந்தையார் கீழே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருமினார். மறுபடி இருமினார். அவர் இருமுவது நோயால் அன்று, ஏதோ சொல்ல வருவதால் என்பது எனக்குத் தெரிய நெடுநேரம் ஆயிற்று.

“ஏளா, எறங்கி வா. அந்த வாலு கெடைக்காது.”

“ஏன் கிடைக்காது?”

“அது நான் இழுத்தது.”

“எதை?”

“படத்தைத்தான். தட்டி பதினஞ்சடி. பய அனுப்புன படம் அதுக்குப் பத்தல. ரெண்டு பக்கமும் வெள்ளையா நிக்குமேன்னு அகலவாக்குல இழுத்துவிட்டேன். வாலும் கூடச் சேந்து போயிட்டு.”

நான் பாறையில் அமர்ந்துவிட்டேன். அவர் ஆறுதல் சொல்வதாக எண்ணிக்கொண்டு தொடர்ந்தார். “எல்லாருக்கும் அப்படித்தான் இழுக்கது. கல்யாண மாப்பிள்ளைய இழுத்திருக்கேன், காது குத்துற பிள்ளைய இழுத்திருக்கேன், ஒருத்தரும் கேட்டதில்ல. உன் படத்தையே இத்தன வருசமா இழுத்துத்தான் போடுதேன். அகலமா இருந்தா கம்பீரமா இருக்குன்னு நீதான சொன்ன?”

கடைமுன் ஒரு வாரமாக ஊரே அண்ணாந்து பார்த்துச் செல்லும் அந்த நெடுவால் செடி, உலகில் எங்கும் இல்லை. அதற்கு வகைப்பாடு தேட வேண்டுமானால் உன் தந்தையாரின் கணினியில்தான் தேட வேண்டும்.

அதன் பிறகாவது எழுந்து வீட்டுக்கு வந்திருக்கலாம். எனக்குப் பிடிவாதம். கைப்பேசியில் உன் பழைய படத்தை, இழுக்காத படத்தை, எடுத்து வைத்துக்கொண்டு மீண்டும் தொடங்கினேன். நீர் ஒழுகும் நிழற்பக்கத்திலிருந்து வெயில் படும் விளிம்புவரை, ஒவ்வொரு பூவாக, ஒரு புல்லைக் கிள்ளி அளவாக வைத்துப் பார்த்துக்கொண்டே நகர்ந்தேன். நிழலில் வால் நீளம், நிறம் செறிவு. விளிம்பில் வால் குட்டை, நிறம் வெளிர். இதோ இரண்டு, கணவாய்கூட வேண்டாம், ஒரே பாறையில் இரண்டு என்று மகிழ்ந்தேன். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று விரலை வைக்கப் போனேன். வைத்த இடத்தில் வலப்பக்கத்துப் பூவும் இடப்பக்கத்துப் பூவும் ஒன்றாகவே இருந்தன. விரலைச் சற்று நகர்த்தினேன். அங்கும் அப்படியே. ஒரே செடியில் கீழ்ப்பூவும் மேற்பூவுமே ஒன்றுக்கொன்று ஒத்துக்கொள்ளவில்லை. இரு முனைகளைப் பார்த்தால் இரண்டு. நடந்து பார்த்தால் ஒன்று. நாற்பது ஆண்டுகளில் முதன்முறையாகத் தீர்ப்புச் சொல்ல முடியாமல் இருக்கையை விட்டு எழுந்தேன். இருக்கையும் ஈரம்.

இதனால் உன்மேல் உள்ள சினம் தீர்ந்துவிட்டது என்று எண்ணாதே. கூடியிருக்கிறது. நீ சொன்னது சரி என்பதை நான் பாறையில் வழுக்கித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. புளியரையில் நடுத்தர வால் கண்ட அன்றே, ஐயம் வந்த அன்றே, என்னை அழைத்து ‘அம்மா, பொறு’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தட்டி தொங்கியிருக்காது. முழுதும் உறுதியாகும்வரை வாயைத் திறக்காதிருப்பது உங்கள் தொழிலுக்கு அழகு. பெற்றவளிடம் அந்த அழகு வேண்டாம், மகனே. என்னைப்போன்ற ஒருத்தியைத் தாயாகப் பெற்றவன், அவள் மேடையேறும் வேகத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் ஆய்வு செய்ய வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். நீ எழுதியனுப்பிய ஆய்விதழை உன்னைப்போல் உலகெங்கும் உள்ள சிலர் படிப்பார்கள். அவர்களுக்கு நீ கடமை செய்துவிட்டாய். இலஞ்சிப் பந்தலில் மழையில் நனைந்துகொண்டு கைதட்டினவர்களுக்கு யார் சொல்வது? அவர்கள் உன் ஆய்விதழைப் படிக்கப்போவதில்லை. வாயால் கொடுத்ததை வாயால்தான் திரும்பப் பெற முடியும். கொடுத்தது என் வாய். ஆகவே நான்தான் முதலில் பேசுவேன். ஆனால் ‘புதிதல்ல’ என்று சொல்லத்தான் எனக்குத் தெரியும். ஏன் புதிதல்ல என்று சொல்ல நீ வேண்டும். இரு பூவையும் பக்கத்தில் வைத்து, இடையில் உள்ள பூக்களையெல்லாம் வரிசையாக வைத்து, அன்று பேருந்தில் எனக்குச் சொன்னாயே, அந்தக் குரலில் சொல். உன் மாமனும் முன்வரிசையில் இருப்பார். அன்றோடு விட்ட கத்தரிக்காயை அவர் மீண்டும் உண்ணும்படி சொல்.

மைதீன் அண்ணாச்சியிடம் பாறையிலிருந்து நேரே போய் விவரத்தைச் சொன்னேன். விழா உண்டு, பாராட்டும் உண்டு, செடி மட்டும் பழையது என்றேன். “தங்கச்சி, கண்டுபுடிச்சவனுக்கு உலகம் பூரா விழா எடுக்காவ. கண்டுபுடிக்கலன்னு சொன்னவனுக்கு விழா எடுக்கது நம்ம ஊராத்தான் இருக்கும்” என்றார். வேண்டாம் என்கிறீர்களா என்றேன். “நான் எங்க வேண்டாம்னேன்? அழைப்பிதழ் அடிச்சாச்சு. பய வருவாம்லா?” என்றார். உன் படம் இன்னும் அவர் கல்லாவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

செங்கோட்டைத் தொடர்வண்டியில் ஞாயிறு காலை வந்து இறங்கு. எலுமிச்சைச் சோறு கிளறி வைப்பேன். அதைச் சோறாகவே உண். குரங்குக்குப் போடாதே. மேடையில் மாலை போட்டால் குனிந்து வாங்கிக்கொள், அதில் எத்தனை பூ இருக்கிறது என்று போடுபவரிடம் எண்ணிக் காட்டாதே. அதையெல்லாம் பேச்சில் வைத்துக்கொள்.

பழைய தட்டியை நேற்றே இறக்கச் சொல்லிவிட்டேன். உன் தந்தையார் புதிதாக அச்சிட்டிருக்கிறார். படம் இழுக்கப்படவில்லை. வால் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் நீளம். மேலே நான் எழுதித் தந்த தலைப்பு இல்லை. அந்த இடத்தில் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த அந்தப் பழைய இலத்தீன் பெயரைத் தமிழ் எழுத்தில் போடச் சொன்னேன். பிறமொழிச் சொல் ஒன்றையும் என் மேடைத் தட்டியில் இதுவரை ஏற்றாதவள் நான். எழுத்துக்கூட்டிச் சரிபார்த்துக் கொடுத்ததும் நானே.

படத்தின் இரு பக்கமும் உன் தந்தையார் அஞ்சியபடியே வெள்ளையாகத்தான் நிற்கிறது. வாழ்த்து ஏதாவது போட்டு நிரப்பவா என்று இரு முறை கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த வெள்ளைக்கு முன்னால் நீ வந்து நில். நீ வராவிட்டால் அங்கும் அவர் எதையாவது இழுத்துவிடுவார்.

உன் தாய்